"வரேன்" சொல்லாத வீடு

அந்த வீட்டிலிருந்து வெளியே கிளம்புகிற யாரும் "வரேன்" என்று சொல்வதில்லை. "போறேன்" என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகிற மகளும் அப்படித்தான், லாரி ஓட்டப் போகிற கொழுந்தனும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரி முதல்முறை இதைக் கேட்டபோது கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்ன சண்டை என்று விசாரிக்க வந்துவிட்டாள். சண்டை இல்லை, பழக்கம் என்று சொன்னதும் இன்னும் பயந்துபோனாள்.

வீட்டுக்காரருக்குத்தான் அது லேசில் வாயில் வரவில்லை. அவர் சாரம் கட்டுகிறவர். எழும்புகிற கட்டடத்தைச் சுற்றிக் குழாயும் பலகையுமாய்க் கட்டி, அதன் உச்சியில் நின்று அடுத்த குழாயைக் கையில் வாங்குகிற வேலை. அந்த வேலைக்குக் கிளம்புகிறவன் வாசலில் நின்று "போறேன்" என்று சொன்னால் அதைவிட வேறு வினை வேண்டாம். கூட வேலை செய்தவர்களில், ஒழுங்காக "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களே சில பேர் திரும்பி வரவில்லை.

காரணம் மேஸ்திரி. ஐந்து வயது. பேச்சு கிடையாது. வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் நேராக்கிவிட்டுத்தான் நகருவான். கொடியில் காயும் துணியின் ஓரம் ஏறி இறங்கி இருந்தால் இழுத்துக் கீழே போட்டுவிடுவான், பூச்சு பிடிக்காத மேஸ்திரி சுவரை இடிக்கச் சொல்கிற மாதிரி. அந்தப் பேரை வைத்தவன் கொழுந்தன். மேஸ்திரிக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்த இன்னொரு குழந்தையும் உண்டு. நாலு வயதுப் பெண். காதில் விழுந்ததை அதே குரலில், அதே இழுவையில் திருப்பிச் சொல்லும். அதற்கு ரேடியோ என்று பேர். இரண்டு பேருக்கும் ஆட்டிசம். இரண்டு பேரும் அந்த வீட்டில் பிறந்தவர்கள் இல்லை. பெற்றவர்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போன குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கிற குடும்பங்களைக் குழந்தைகள் நல ஆபீஸ் தேடும். அப்படி வந்து சேர்ந்தவர்கள்.

வீட்டுக்காரியைத் தெருவில் துணியக்கா என்று கூப்பிடுவார்கள். லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டையாக அவள் வீட்டுக்கு வந்து, துவைத்து, காய்ந்து, தேய்த்து, மூட்டையாகத் திரும்பிப் போகும். பின்பக்கம் இரண்டு மெஷின் ஓடுகிறது. மெஷின் அழுக்கை எடுக்கும், கறையை எடுக்காது. கறைக்குக் கைதான். ஈர விரிப்பை மாடிக்குத் தூக்கவும் கைதான். சாயங்காலமானால் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

முன்பு ஒரு குழந்தைகள் காப்பகத்துத் துணியும் அவளிடம் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சின்னப் போர்வை, ஒவ்வொரு தடவையும் ஒரே மூலையில் நூல் நூலாகக் கடித்து வரும். தைத்து அனுப்புவாள். மறுபடி கடித்து வரும். எந்த எலி இது என்று கேட்கத்தான் ஒருநாள் மூட்டையோடு உள்ளே போனாள். எலி ஜன்னலோரம் நின்று கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போது ரேடியோ வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு அவளுக்கு வேலை செய்யவில்லை. ஒண்ணு அழுதா என்ன, ரெண்டு அழுதா என்ன, கேக்குற காது ஒண்ணுதானே என்று சாரக்காரரிடம் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். துணியக்கா சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்பது அவன் வந்த வாரத்திலேயே தெரிந்துபோயிற்று.

வந்த மறுநாள் காலையில் சாரக்காரர் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மேஸ்திரி வாசலுக்கு வந்து, கால்மிதியின் ஓரத்தில் இரண்டு கட்டைவிரலையும் சமமாக வைத்து நின்றான். வரேன் என்றால் வரவேண்டும். ஆள் வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனான். தூக்கப் போன துணியக்காவின் முன்னங்கையில் பல் பதிந்தது. சாயங்காலம் சிமெண்டு அப்பிய காலோடு சாரக்காரர் திரும்பினார். அவரைப் பார்த்ததும் ஒரு சத்தமும் போடாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டான். அடுத்த நாளும் அதேதான். அப்பா வர மாட்டாருடா என்று மகள் சொன்னாள், வேலைக்குப் போயிட்டாரு என்று துணியக்கா சொன்னாள், எதுவும் செல்லவில்லை. சொன்னவர் வந்தால்தான் அந்தச் சொல் முடியும். லாரியை விட்டுவிட்டு வந்த கொழுந்தன் இதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"அண்ணே, தப்பு அவன் மேல இல்ல. வரேன் வரேன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போற, ஓட்டுக் கேக்க வந்தவன் மாதிரி."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் மறுநாள் சாரக்காரர் செருப்பை மாட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி "போறேன்" என்றார். மேஸ்திரி திரும்பி உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான். உலகமே வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறது. அதற்குப் போறேன் என்றுதான் அர்த்தம் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் ஒருவனுக்கு மட்டும் சொன்ன சொல் சொன்னபடியே இருந்தது.

அன்றிலிருந்து எல்லாரும் வாயைப் பழக்கினார்கள். சாரக்காரர் மட்டும் தெருமுனைக் கரண்டு கம்பம் வரைக்கும் போய், மேஸ்திரியின் காதுக்கு எட்டாது என்று தெரிந்ததும், கம்பத்தைப் பார்த்து வாய்க்குள் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். கொழுந்தன் இதையும் பார்த்துவிட்டான். "அண்ணி, அண்ணனுக்குக் கம்பத்தடியில ஒரு சின்ன வீடு இருக்கும் போல, தினம் சொல்லிக்கிட்டுத்தான் போறாரு" என்று வந்து சொன்னான். துணியக்கா சோப்புக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மற்றபடி சிரிக்க நேரமில்லை. விடிவதற்கு முன்பே மேஸ்திரி எழுந்துவிடுவான். எழுந்ததும் ஒரே சுருதியில் ஒரு கத்தல். பசியா, பல்வலியா, குழாய் சொட்டுகிறதா? ஒருநாள் குழாயாக இருக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு மிக்ஸியாக இருக்கும். பல நாள் ஒன்றுமே இருக்காது. அவன் கத்தினால் ரேடியோ எழுந்து உட்கார்ந்து அதே கத்தலைத் திருப்பிக் கத்தும். அவன் கத்துவதாவது அவன் கஷ்டம், இது கத்துவது வெறும் நகல். காதுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. தாகம் எடுத்தால் ரேடியோ "தண்ணி வேணுமா?" என்று கேட்கும். தெரியாதவர்கள் வேண்டாம் கண்ணு என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அது தாகத்தோடு நின்று அழும்.

பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒருத்தி வாராவாரம் வந்து போனாள். நல்ல டீச்சர். எதையும் முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லுங்கள் என்று படம் ஒட்டின அட்டைகள் கொடுத்திருந்தாள். அவள் சொன்னதில் பாதி பலித்தது. மீதிப் பாதிக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். சாயங்காலம் லாட்ஜ் வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது மூட்டை வாசலில் இருந்தாக வேண்டும். ஓரம் சரியில்லை என்று மேஸ்திரி மாடித் தரையில் இழுத்துப் போட்ட விரிப்பை மறுபடி துவைக்க வேண்டும். "லாட்ஜுடா இது. வந்து படுக்குறவன் ஓரத்தையா பாக்கப் போறான்?" என்று அவனிடமே கேட்பாள். அவன் துணிக் கிளிப்புகளை நிறம் பிரித்துத் தரையில் வரிசை வைத்துக்கொண்டிருப்பான். வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே படுத்துவிடலாம் போல இருக்கும் அவளுக்கு.

மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். இரண்டு குழந்தைகளோடும் ஒரே அறையில்தான் படுக்கை. முன்னறை ராத்திரியில் சாரக்காரருக்கு, பகலில் கொழுந்தனுக்கு. அரைப் பரீட்சையில் கணக்குத் தாளின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பின வாத்தியார், ராத்திரியில காவலுக்குப் போறியா என்று கேட்டாராம். வகுப்பு சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அழவில்லை. பையை வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்து, ஈர விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து அம்மாவோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நல்லவங்கற பேரு உனக்கு. தூக்கம் போறது எனக்கு. ரேடியோ இருக்கட்டும். அவன் இருந்தா நான் அத்தை வீட்டுக்குப் போறேன்."

துணியக்கா முறுக்குவதை நிறுத்தினாள். தினமும் காலையில் அந்தப் பெண் வாயிலிருந்து கேட்கிற அதே சொல். பள்ளிக்கூடத்துக்கும் போறேன்தான், இதுவும் போறேன்தான். இத்தனை நாள் சொல்லிச் சொல்லி மழுங்கிப்போயிருந்தது. அன்றைக்கு அதற்குக் கூர் திரும்பிவிட்டது.

சாரக்காரரிடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, உன் இஷ்டம் என்றார். மூட்டை தூக்குகிற இடத்தில் அதற்கு அர்த்தம் உண்டு: பக்கத்தில் பிடித்தவன் தன் முனையை விட்டுவிட்டான், இனி முழுப் பாரமும் உன் தோளில். அவள் அவரிடம் சண்டைகூடப் போடவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். மறுநாள் ஆபீசுக்குப் போன் போட்டு, என்னால் இரண்டு பேரைப் பார்க்க முடியவில்லை, பையனுக்கு வேறு இடம் பாருங்கள் என்று சொன்னாள். இடம் இருந்தது. இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்றே நடக்கிற இல்லம், டாக்டர் உண்டு, பகலும் இரவும் ஷிஃப்டு மாறி மாறி ஆட்கள் உண்டு என்றார்கள். அவளுக்கு அந்த மாதிரி இடங்களைத் தெரியும், அவற்றின் துணி வழியாக. யாரும் அடிக்க மாட்டார்கள். சாப்பாடு வேளைக்கு வரும். போர்வை எல்லாம் ஒரே நிறம். மூலை கடித்தது என்று வந்தால் தைக்க மாட்டார்கள், புதுசு கொடுத்துவிடுவார்கள்.

கூட்டிப்போகிற நாளில் மகளுக்குப் பள்ளி லீவு. கொழுந்தன் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆபீஸ் மேடம் காரில் வந்து இறங்கினாள். நடந்து நடந்து கணுக்கால் வீங்கிப்போன பெண்பிள்ளை, எங்கே உட்காரச் சொன்னாலும் நன்றியோடு உட்காருகிறவள். அவள் கழற்றிய செருப்பை மேஸ்திரி நேராக்கி வைத்தான். எங்க வீட்ல இதச் செய்ய ஒருத்தரும் இல்ல என்று மேடம் சொன்னாள். "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்று துணியக்கா கேட்க, அதே குரலில் ரேடியோவும் கேட்டது. மேடம் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வேண்டாம் என்று சொன்னாள்.

பையில் சட்டைகள், மூலை கடித்த போர்வை, ஒரு டப்பா நிறையக் கிளிப்பு. டீச்சர் கொடுத்த அட்டைகளில் காரும் வீடும் வரைந்த அட்டை ஒன்று இருந்தது. அதை முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும். நாளைக்குக் காட்டலாம், நாளைக்குக் காட்டலாம் என்று தள்ளித் தள்ளி அந்த நாளே வந்துவிட்டது. அவனுக்குக் காரென்றால் பிடிக்கும், ஏறிவிடுவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மகள் அறை வாசலில் சாய்ந்து நின்றாள். உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

மேடம் அவன் கையைப் பிடிக்காமல், வா என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள். விஷயம் தெரிந்தவள். மேஸ்திரி பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். அப்போது துணியக்காவின் வாய் தானாகத் திறந்தது.

"போயிட்டு வா."

நெற்றி வியர்வையைக் கை தானாகத் துடைக்கிற மாதிரி வந்துவிட்டது. ஒரு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த சொல். வாசலைத் தாண்டுகிற பிள்ளைக்குத் தமிழ் பேசுகிற எந்த வாயும் அதைத்தான் சொல்லும்.

மேஸ்திரி படியிறங்கிக் காருக்குப் போனான். ஏறினான். சீட்டைத் தொட்டுப் பார்த்தான், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். மேடம் மறுபக்கம் சுற்றிவந்து ஏறுவதற்குள் இறங்கினான். பையோடு படியேறி வந்து, கால்மிதி ஓரத்தில் கட்டைவிரல்களைச் சமமாக வைத்து, துணியக்காவுக்கு முன்னால் நின்றான்.

மேடம் பின்னாலேயே வந்தாள். பயந்துட்டானா என்று கேட்டாள்.

"பயமெல்லாம் இல்ல மேடம். தப்பு என்னுது. போயிட்டு வான்னு சொல்லிட்டேன். போயிட்டு வந்துட்டான்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. துணியக்காவின் முகத்தைப் பார்த்து அதை அடக்கிக்கொண்டாள். சரி, இப்போது சரியாகச் சொல்லுங்கள் என்றாள். சரியாகச் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. காருக்குப் போ, அவ்வளவுதான். சொன்னால் போய்விடுவான். போய் உட்கார்ந்துவிட்டால் வேறு சொல் கிடைக்கிறவரைக்கும் இறங்க மாட்டான். எங்கே கொண்டுபோய் இறக்கினாலும் ஏன் என்று கேட்க மாட்டான். பின்பக்கத்தில் மெஷின் சுற்றி முடித்துக் கூவிக்கொண்டிருந்தது. யாரும் போய் அணைக்கவில்லை. துணியக்கா வாசலோரம் கட்டி வைத்திருந்த லாட்ஜ் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு வேணாம் மேடம்."

மேடம் கோபப்படவில்லை. பாதிப் பேர் இப்படி வாசலில் வைத்துத்தான் மாற்றிச் சொல்வார்கள், தனக்கு இது புதிதில்லை என்றாள். அடுத்த வாரம் வரைக்கும் அந்த இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்கிறேன், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள், உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். செருப்பை மாட்டினாள். படியிறங்கிக்கொண்டே திரும்பி, மனசார, "வரேன்மா" என்று சொன்னாள்.

கார் கிளம்பிவிட்டது. மேஸ்திரி வாசல் பக்கம் திரும்பினான். கட்டைவிரல்களைச் சரிபார்த்தான். நின்றான்.

துணியக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அடுத்த வாரம் வரைக்கும் நிற்பான். அவன் நிற்கிற வாசலில் மூட்டையை இறக்க முடியாது. கொழுந்தன் வேலைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் அங்கேயேதான். முன்னறையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த கொழுந்தன், "போச்சு, வரேன்னுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலையணையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

அவள் எழுந்து ஓடினாள். செருப்புப் போடவில்லை. ஓடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன. தெருமுனையில் குப்பை லாரி குறுக்கே நின்றதால் கார் கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினாள். மேடம் இறக்கினாள்.

"ஒரு தடவ வீட்டுக்கு வந்து, போறேன்னு சொல்லிட்டுப் போயிடுங்க மேடம். வரேன்னு சொன்னதால நிக்கிறான்."

"போறேன்னா?" மேடம் முகத்தைச் சுளித்தாள். "வாயால எப்படிம்மா அப்படிச் சொல்றது?"

"எங்க வீட்டுக்காரர் தினம் சொல்லிட்டுத்தான் உசரத்துல ஏறுறாரு."

மேடம் கதவைத் திறந்து இறங்கவில்லை. அடுத்த வாரம் வருவதா வேண்டாமா, முதலில் அதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அனுப்புவதாக இருந்தால் இப்போதே வந்து கூட்டிக்கொண்டு போய்விடலாம். இந்த வெயிலில் இவ்வளவு தூரம் எதற்கு ஓடி வந்தீர்கள்?

துணியக்கா காரின் மேல் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். தகரம் சுட்டது.

"அங்க ஷிஃப்டு மாத்தி மாத்தி ஆளுங்கன்னு சொன்னீங்க."

"ஆமா. நல்லாப் பாத்துக்குவாங்க."

"பாத்துக்குவாங்க. ஷிஃப்டு முடிஞ்சு போறவங்க என்ன சொல்லுவாங்க? வரேன்டா கண்ணான்னு சொல்லுவாங்க. காலையில ஒருத்தர் சொல்லுவாங்க, மத்தியானம் ஒருத்தர் சொல்லுவாங்க. இவன் எந்த வாசல்லன்னு நிப்பான்?"

தான் முன்கூட்டியே சொல்லி வைப்பதாக மேடம் சொன்னாள். வெறும் சமாதானமாகச் சொல்லவில்லை, சொல்லி வைக்கக்கூடியவள்தான்.

"நீங்க சொல்லுவீங்க மேடம். அவங்க வாய் கேக்கணுமே. ஒரு வருஷமாப் பழகின என் வாயே இன்னிக்குக் கேக்கல."

குப்பை லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மேடம் டிரைவரிடம் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினாள். இரண்டு பெண்களும் தெருவில் திரும்பி நடந்தார்கள். ஒருத்திக்குக் கணுக்கால், ஒருத்திக்கு முழங்கால். மேஸ்திரி மேடத்தைப் பார்த்தான். வரேன் என்றவள் வந்துவிட்டாள். அந்தக் கணக்கு முடிந்தது. மேடம் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரிக் குனிந்து சொன்னாள்.

"போறேன்."

மேஸ்திரி உள்ளே போனான். பையைத் திறந்து கிளிப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மேடம் படியிறங்கும்போது துணியக்காவுக்கு "வாங்க" என்று சொல்ல வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ரேடியோ மட்டும், "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்று பின்னாலிருந்து கேட்டது.

மகள் இன்னும் அறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்ப நான்?"

தெரியலடி என்றாள் துணியக்கா. மெஷினை அணைக்கப் போனாள். ஈரம் உள்ளேயே கிடந்து வாடை வர ஆரம்பித்திருந்தது. மறுபடி தண்ணீர் திறந்து விட்டாள்.

சாயங்காலம் சாரக்காரர் "வந்துட்டேன்" என்று நுழைந்தார். நடந்ததைக் கேட்டார். மகளின் முகத்தைப் பார்த்தார். பின்பக்கம் போய் மெஷின் இருக்கிற இடத்துக்கு மேலே அண்ணாந்து பார்த்து, சுவரைச் சாணால் அளந்துவிட்டு வந்து, மேலே பலகை போட்டு ஒரு அறை மாதிரி அடைத்து, கதவு வைத்துத் தருகிறேன் என்றார். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போன ஆள் இப்போது தன் முனையைத் தேடிப் பிடிக்கிறார் என்று துணியக்கா நினைத்துக்கொண்டாள்.

"சாரத்துல உக்காந்து படிக்கச் சொல்றீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ஆறு மாடி ஆளுங்களத் தாங்குது, உன்னத் தாங்காதா?"

மகள் சிரிக்கவில்லை. அவன் கத்தினால் அங்கேயும் கேட்கும் என்றாள். கேட்கும் என்றார் அவரும். அத்தைக்குப் போன் பண்ணினாயா என்று கேட்க துணியக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மறுநாள் விடியுமுன்னே கத்தல். இந்தத் தடவை ஒன்றும் இல்லாத கத்தல். ரேடியோ நகல் எடுத்தது. அது அடங்கி, சாரக்காரர் போறேன் சொல்லிப் போய், துணியக்கா முதல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பை கொஞ்சம் உப்பலாக இருந்த மாதிரித் தோன்றியது. புத்தகமா, துணியா, வெளியிலிருந்து சொல்ல முடியாது.

"போறேன்."

மேஸ்திரி அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனான். துணியக்கா எழுந்து வாசலுக்கு வந்தாள். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"எங்க?"

மகள் செருப்பை மாட்டி முடிக்கிறவரைக்கும் நிமிரவில்லை.

"ஸ்கூலுக்கு."

படியிறங்கினாள். கீழே கேட்டைத் திறந்தவள் நின்று, அம்மாவுக்குப் பின்னால் மேஸ்திரி இருக்கிறானா என்று எட்டிப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும், உதட்டை மட்டும் அசைக்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

"வரேம்மா."

துணியக்கா அதைக் கேட்டபடி அப்படியே நின்றிருப்பாள். ஆனால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு ரேடியோ நின்றிருந்தது. காது கூர்மை அதற்கு.

"வரேம்மா," என்றது, மகளின் குரலில், அந்த மெல்லிய இழுவையைக்கூட விடாமல். பிறகு சத்தமாக. "வரேம்மா. வரேம்மா."

உள்ளே கிளிப்பு டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மேஸ்திரி வந்தான். அம்மாவையும் ரேடியோவையும் ஒதுக்கிவிட்டு, கால்மிதி ஓரத்தில் கட்டைவிரல்களைச் சமமாக வைத்தான். கேட்டுக்கு வெளியே மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். திரும்பி வர நேரமில்லை; மணி அடித்துவிடும். தெருவில் ஓடிப்போனாள்.

சாயங்காலம் வரைக்கும் நிற்பான். துணியக்கா ஒரு பழைய துண்டை நாலாக மடித்து, ஈரமானால் எடுக்க வசதியாக, அவன் காலடியில் விரித்தாள். அவன் குனிந்து அதன் ஓரத்தை நேராக்கினான். லாட்ஜ் மூட்டைகளைப் பின்வாசல் வழியாகச் சுற்றித்தான் இன்றைக்குத் தூக்க வேண்டும். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நிற்கட்டும். சொன்னவள் வருவாள்.